வேண்டிக்கொள்ளாத மொட்டை

என் கையெழுத்தைப் பார்த்ததும் இதை ஓரமாக வைத்துவிடாதீர்கள். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கத்தி பிடித்துப் பழகிய கைக்குப் பேனா வழுக்குகிறது. எழுத்துப் பிழைகளைத் திருத்திப் பத்திரிகையில் போட்டுக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

இது நடந்தது எழுபத்தாறாம் வருஷம், பங்குனி வெயில் ஏற ஆரம்பித்த சமயம். அப்போது நான் மயிலாப்பூரில், குளத்திலிருந்து மந்தைவெளிக்குப் போகிற வழியில், ஒரு சந்துச் சலூனில் வேலை பார்த்தேன். இரண்டே நாற்காலி. ஒன்று என்னுடையது, மற்றது எனக்கு மச்சான் முறை ஆகிற ஒருவருடையது. என்னை அவர் மாமா என்பார். சலூன்காரன் என்றால் வாய் ஓயாது என்பார்கள். எங்கள் கடையில் இரண்டு பேருக்கும் சேர்த்து மச்சானே பேசிவிடுவார். நான் தலையைப் பார்ப்பேன், வேலையை முடிப்பேன், அவ்வளவுதான். வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேருக்கு என் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது.

முதலில் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராயப்பேட்டையில் ஓர் அச்சாபீசில் எழுத்துக் கோக்கும் தம்பி ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களிடம் முடி வெட்டிக்கொள்ள வருவார். கூட்டமாக இருந்தால் பெஞ்சில் உட்கார்ந்து, கையில் கொண்டு வந்த புரூப் காகிதத்தை உரக்கப் படிப்பார். அப்படிப் படித்தால்தான் பிழை தெரியும் என்பார். அந்தத் தை மாதம் முழுக்க அவர் படித்தது ஒரு வெள்ளைக்கார அம்மாள் எழுதியதன் தமிழ். உலக யுத்தத்தின்போது ஜெர்மனிக்காரர்கள் யூதர்கள் என்ற ஜனங்களைப் பிடித்துக் கொண்டுபோய் முகாம்களில் அடைத்துக் கொன்றார்களாம். அதில் தப்பிப் பிழைத்த அம்மாள், தனக்கு நடந்ததை எழுதியிருந்தார். வீட்டை எடுத்துக்கொண்டார்கள், பிறகு பெட்டியை, பிறகு செருப்பை, பிறகு பெயரை என்று வரிசையாக வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முடியை எடுத்துக்கொண்ட பாகம் வந்தது.

சலூனில் அதைப் படித்தால் எப்படி இருக்கும்? கத்தரிச் சத்தம் நின்றுவிட்டது.

"அத்தினி பேரு முடியையும் மூட்டை கட்டி இன்னாபா பண்ணுவான்? கத வுடறாங்கபா" என்றார் மச்சான்.

"துணி நெய்ய அனுப்பினாங்களாம் அண்ணே."

"அப்படிப் பாத்தா நம்ம கோயில் முடியையும்தான் ஏலம் வுடறாங்கோ."

"அது நாம குடுக்கறது அண்ணே. இது அவங்க எடுத்துக்கிட்டது."

மச்சான் கத்தரியை மறுபடி எடுத்தார்.

அதில் ஓர் இடம் எனக்கு அப்படியே தங்கிவிட்டது. யுத்தமெல்லாம் முடிந்து, வேறு தேசத்துக்குப் போய், கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற பிறகும், அந்த அம்மாளால் சலூனில் உட்கார முடியவில்லையாம். பின்னால் நின்று யாராவது தலையில் கை வைத்தால் பாதியில் எழுந்து போய்விடுவாராம். முகாமில் முடி வெட்டிய கத்தரி கூட அவருக்கு நினைவில் இல்லை. தலையைக் கீழே அழுத்திப் பிடித்த கைதான் நினைவில் இருக்கிறது. அந்தக் கைக்கு உரியவளின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

நான் அன்று தூரத்துத் தேசம், முடிந்துபோன யுத்தம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்குத் துணி கட்டினேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஊரைச் சுத்தப்படுத்துகிறோம் என்று சொல்லி, நடைபாதையில் படுத்திருப்பவர்களை ராத்திரியில் வேனில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று பேச்சு. எங்கே கொண்டுபோகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேட்கவும் எல்லோருக்கும் பயம். எமர்ஜென்சி காலம் அப்படி. ஒரு நாள் காலையில் எங்கள் முதலாளி வந்து, "ரெண்டு பேரும் பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. ஒரு நாள் வேலை. தெரிஞ்சவங்க கேட்டாங்க, மறுக்க முடியல" என்றார். வாசலில் ஜீப் நின்றது. அடையாறு பாலம் தாண்டி, கிண்டி தாண்டி, ஒரு பழைய கொட்டகைக்கு எங்களைக் கொண்டுபோனார்கள். அதன் பெயர் எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

உள்ளே நிறையப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கண் தெரியாதவர், கால் இல்லாதவர், தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தவர், ஒன்றும் இல்லாமல் நன்றாக இருந்தவர் எல்லாரும் கலந்திருந்தார்கள். அங்கே பொறுப்பில் இருந்த சூப்பர்வைசர், "பேன், சொறி எல்லாம் பரவுது. எல்லாருக்கும் ஒட்ட மொட்டை. மத்தியானத்துக்குள்ள ஆம்பளைங்க, அப்புறம் பொம்பளைங்க" என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

ஆண்களுக்கு மத்தியானம் வரை மொட்டை அடித்தோம். சலூனுக்கு வருகிறவர் தலையைக் கொடுப்பார். நம் இடது கை மெல்லத் தொட்டால் போதும், தலை தானாகத் திரும்பும். எங்கள் தொழிலில் வலது கைக்குத்தான் பெயர், ஆனால் பாதி வேலை இடது கையுடையது. அங்கே யாரும் தலையைக் கொடுக்கவில்லை. இடது கை அழுத்திக்கொண்டே இருந்தது. அழுத்துகிறோம் என்பதே எனக்கு உறைக்கவில்லை. மச்சான் மட்டும் ஏதோ தமாஷ் சொல்லிக்கொண்டே வேலை செய்தார். யாரும் சிரிக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் வரிசை. என் முன்னால் முதலில் வந்து உட்கார்ந்த அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கசங்கியிருந்தாலும் நல்ல புடவை. கழுத்தில் மஞ்சள் கயிறு. எண்ணெய் வைத்துச் சீவி முடிந்த கொண்டை, அதில் ஒரு துண்டு வாழை நார் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் வருஷா வருஷம் கிருத்திகை நாட்களில் வடபழனிக்கு மொட்டை போடப் போகிறவன். அங்கே தலையில் தண்ணீர் தெளிக்கும்போது, "எந்தச் சாமிக்கு வேண்டுதல்?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்தியை வைப்போம். சாமி பெயரை அவர்கள் வாயால் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். காலையில் ஆண்களிடம் அந்தக் கேள்வி என் வாயில் வரவில்லை. இந்த அம்மாளின் கொண்டையையும் கயிறையும் பார்த்ததாலோ என்னவோ, தண்ணீரைத் தெளித்துக்கொண்டே பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"எந்தச் சாமிக்கும்மா வேண்டுதல்?"

வரிசையில் பின்னால் இருந்த ஒரு கிழவி பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள்.

"கேட்டாம்பாரு கேள்வி! இன்னா நைனா, மொட்ட அட்சா லட்டு குடுப்பியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கழுத்தைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தாள்.

"நான் ஒண்ணியும் வேண்டிக்கலியே நைனா."

என் இடது கை அவள் உச்சியில் இருந்தது. அதை எடுத்துவிட்டேன். அந்த வெள்ளைக்கார அம்மாளுக்கு மறக்காமல் போன கை எது என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது.

அவள் தாழ்ந்த குரலில் வேகமாகச் சொன்னாள். "நான் பூக்காரி நைனா. மைலாப்பூர்ல பூ விக்கறேன். என் வூட்டுக்காரருக்கு வயித்துல ஆபரேசன், ராயப்பேட்டை ஆஸ்பத்திரில கீறாரு. ராத்திரில பொம்பளைங்கள வார்டுல வுட மாட்டாங்க, அதான் வெளியில பிளாட்பாரத்துல பட்த்திருந்தேன். பிச்சக்காரின்னு ஏத்திக்கினு வந்துட்டாங்க. சொன்னா கேக்கவே மாட்டறாங்க. அவருக்குக் கஞ்சி குடுக்கக்கூட ஆளு கெடையாது. மொட்டத் தலையோட போய் நின்னா இன்னா நெனப்பாரு? உசுரோட கீற மனுசனுக்கு முண்டச்சியாட்டம் போய் நிப்பனா?"

நான் கத்தியை மடக்கிப் பெட்டியின் மேல் வைத்தேன். துணிச்சலால் என்று நினைக்காதீர்கள். இடது கை மறுபடி அவள் தலைக்குப் போகவில்லை, அது பிடிக்காமல் கத்தி வைத்தால் வெட்டிவிடும். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு வந்தார்.

"என்னய்யா, ஏன் நிறுத்திட்டே?"

"வேண்டுதல் இல்லையாம் சார்" என்றேன். எவ்வளவு அசட்டுத்தனமான பதில் என்று இப்போது தெரிகிறது. அப்போது வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

"என்ன உளர்றே?"

அப்போது மச்சான் எழுந்து பக்கத்தில் வந்தார். அவரும் கத்தியை மடக்கியிருந்தார்.

"மாமா சொல்றது கரீட்டு சார். புருசன் உசுரோட கீற பொம்பளைக்கு வேண்டுதல் இல்லாம மொட்ட அட்சா எங்க ஜாதில எங்கள ஒதுக்கி வெச்சிருவாங்கோ."

"திருப்பதியில போடறாங்களே, அதுக்கு என்ன சொல்றே?"

"அங்க சாமி கேக்குது சார், குடுக்கறாங்கோ. இங்க யாரு சார் கேக்கறது?"

"நான் கேக்கறேன்யா!"

"அப்போ நீங்க சாமியா சார்?"

கிழவி மறுபடி சிரித்தாள். இந்தத் தடவை கொட்டகை முழுக்கச் சிரித்தது. மொட்டை அடித்து ஓரமாக உட்கார்ந்திருந்த ஆண்கள் கூடச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் சூப்பர்வைசரின் முகம் கறுத்துவிட்டது. அந்த நாட்களில் இதைவிடச் சின்னப் பேச்சுக்கே உள்ளே போனவர்கள் உண்டு.

"வெளியே போங்கய்யா ரெண்டு பேரும். உங்க கடை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

பெட்டியை அடுக்குவதற்குள் அந்த அம்மாள் வார்டையும் கட்டிலையும் அடையாளம் சொன்னாள். "கொஞ்சம் கஞ்சி வாங்கிக் குட்த்துட்டுப் போ நைனா. எதுனா ஒண்ணு சொல்லு. புடிச்சிக்கினு பூட்டாங்கன்னு மட்டும் சொல்லிராத. அவரு தாங்க மாட்டாரு."

திரும்பி வர ஜீப் இல்லை. வெயிலில் நடந்தோம். சைதாப்பேட்டைக்கு வந்ததும் மச்சான், "மாமா, நான் ஏன் அப்டி கேட்டேன்?" என்றார். பயத்தில் அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் பஸ் பிடித்து ராயப்பேட்டைக்குப் போனேன். ஒரு ஓட்டலில் கெஞ்சி, தூக்கில் கஞ்சி வாங்கிக்கொண்டேன்.

அவள் புருஷன் எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தார். என் பெட்டியைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி நாவிதர் என்று நினைத்துத் தாடையை நீட்டினார். நானும் சோப்புப் போட்டேன். பேசுவதைவிட அது எனக்குச் சுலபம். பாதிச் சவரத்தில், "உங்க வீட்டம்மா கஞ்சி குடுத்தனுப்பினாங்க" என்றேன்.

"அவ எங்க பூட்டா? ராத்திரி படுக்கப் போனவ, ஆளையே காணோம்."

"மக வீட்டுக்குப் போயிருக்காங்க."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கத்தியை விலக்கினார். "எங்களுக்குப் புள்ளயே கெடையாதுபா."

பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவன் சொல்கிற பொய் இப்படித்தான் முதல் அடியிலேயே முறியும். அவர் மணிக்கட்டை விடவில்லை.

"லாரி எதுனா அட்சிட்டுதா? செத்துட்டாளா? சொல்லுபா."

அதற்கு மேல் மறைக்க முடியுமா? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேன், கொட்டகை, வரிசை எல்லாம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாதி முகத்தில் சோப்பு காய்ந்துகொண்டிருந்தது.

"மொட்ட அட்சிட்டாங்களா?"

"இல்லை. நான் அடிக்கல."

"நீ அடிக்கலன்னா வேற ஒருத்தன் அடிப்பான்" என்றார். கண்ணைத் திறந்து, "ஒண்ணு பண்ணு நைனா. நீ சொன்னன்னு அவகிட்ட சொல்லிராத. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா என் மூஞ்சில முழிக்க மாட்டா. ரோசக்காரி" என்றார்.

பிறகு வார்டு நர்ஸைக் கூப்பிடச் சொன்னார். அந்த நர்ஸ் அம்மாள் பொறுமையாகக் கேட்டார், நான் கொட்டகைக்குச் சொன்ன வழியைக் குறித்துக்கொண்டார். அவள் பிச்சைக்காரி இல்லை, நோயாளியைப் பார்த்துக்கொள்கிற ஆள் என்று டாக்டரிடம் சீட்டு வாங்கி ஓர் ஆளை அனுப்பினார். நான் பாதியில் விட்ட சவரத்தை முடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த சில நாட்கள் கடையில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நானும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். யாரும் வரவில்லை. ஒரு மத்தியானம், கடை காலியாக இருந்த வேளையில், நர்ஸ் அனுப்பிய ஆளிடம் விசாரித்துக்கொண்டு அவள் வந்தாள். பெண்கள் சலூனுக்குள் வர மாட்டார்கள் இல்லையா, சந்து முனையில் நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டாள். முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்தியிருந்தாள். பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது.

நாங்கள் கிளம்பி வந்த மறுநாளே மொட்டை அடிக்க வேறு ஆட்கள் வந்தார்களாம். அதற்கும் மறுநாள்தான் சீட்டு போய்ச் சேர்ந்திருக்கிறது.

"நர்ஸம்மாகிட்ட நீதான் சொன்னியாமே. அந்தம்மாகிட்ட மட்டுந்தானே சொன்னே?"

நான் தலையை ஆட்டினேன். ஆம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவள் ஆம் என்று எடுத்துக்கொண்டாள்.

"இன்னும் அவர நான் போய்ப் பாக்கல நைனா. இப்டியே எப்டிப் போறது?" முந்தானையை விலக்கினாள்.

மிஷினை வைத்துக் கண்டபடி ஓட்டியிருந்தார்கள். ஓர் இடத்தில் தோல் தெரிந்தது, ஓர் இடத்தில் கொத்தாக முடி நின்றது. காதுக்கு மேலே காயம்.

"அவருகிட்ட திருப்பதிக்குப் போனேன்னு சொல்லப் போறேன். நீ பொழைக்கணும்னு வேண்டிக்கினேன், ராவோட ராவா பூட்டு வந்துட்டேன்னு. ஆனா இதப் பாத்தா யாருனா திருப்பதின்னு நம்புவாங்களா? கொஞ்சம் ஒயுங்கா பண்ணி வுடு நைனா."

அவளைக் கடைக்குப் பின்னால், குழாயடிக்கு அழைத்துப் போனேன். மச்சான் பழைய துணி ஒன்றை மறைப்பாகக் கட்டினார். பலகையில் உட்கார்ந்தாள். புதுக் கத்தியை எடுத்து வாரில் நன்றாகத் தீட்டினேன். தண்ணீர் தெளித்தேன். எதுவும் கேட்கவில்லை. என்ன கேட்பது?

அவளே தலையைக் குனிந்து கொடுத்தாள்.

என் ஆயுசில் எத்தனையோ மொட்டை அடித்திருக்கிறேன். அப்படி ஒரு மொட்டையை நான் அடித்ததில்லை. காயத்தின் மேல் கத்தி படாமல் சுற்றி வர வெகு நேரம் ஆயிற்று. அவள் அசையவில்லை. அழவும் இல்லை. நடுவில் ஒரு தடவை மட்டும், "அந்தக் கெயவிக்கும் அட்சிட்டாங்க நைனா. அதுக்கப்புறம் அது சிரிக்கவே இல்ல" என்றாள்.

முடிந்ததும் மச்சான் கடைக்குள் ஓடி, சாமி படத்துக்கு வைத்திருந்த சந்தனக் கட்டையை எடுத்து வந்து குழாயடிக் கல்லிலேயே இழைத்தார். குளிரக் குளிரத் தலை முழுக்கப் பூசினேன். காயமும் அதில் மறைந்தது. கண்ணாடியைக் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "திருப்பதிதான்" என்றாள்.

அவள் சந்தில் இறங்கி நடந்தபோது, எதிரே வந்த ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்துக் கும்பிட்டார். "கோவிந்தா" என்றார். அவளும் பதிலுக்குக் கும்பிட்டாள். நானும் மச்சானும் கடைக்குள் போய்விட்டோம்.

அவருக்குச் சவரம் செய்ய வேண்டும் என்று சொல்லி என்னையும் அன்று சாயங்காலம் வரச் சொல்லியிருந்தாள். தனியாகப் போகப் பயம் என்று நினைக்கிறேன். வார்டில் நுழைந்ததும் அவர் முதலில் அவளைப் பார்த்தார். பிறகு அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவள் சொல்ல வாயெடுப்பதற்குள், பக்கத்துக் கட்டில்காரரிடம் உரக்கச் சொன்னார்.

"பாத்தியாபா! எனக்காவ முடி குட்த்துட்டு வந்துக்கீறா எம் பொஞ்சாதி!"

அப்புறம் இரண்டு கையையும் கூப்பி அவள் தலையைக் கும்பிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவள் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "சும்மா கெட. பிரசாதம் வழில கொட்டிப் பூட்ச்சி" என்றாள். என்னைப் பார்த்து ஜெயித்துவிட்டது போல லேசாகத் தலையாட்டினாள். நான் சோப்பைக் குழைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அவர் வீடு திரும்பினார். ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார். பிறகு போய்விட்டார். இரண்டு பேரும் கடைசி வரை திருப்பதியை விடவே இல்லை என்று அவள் பேச்சிலிருந்து எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் ஒரு நாள் குளத்தருகே அவள் பூ கட்டிக்கொண்டிருந்தபோது நின்று பேசினேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, அந்த வெள்ளைக்கார அம்மாளின் புத்தகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அவள் நாரை முடிந்துகொண்டே கேட்டாள்.

"அந்தம்மா பொயச்சிக்கினாங்களா?"

"பொழச்சுதான் புத்தகம் எழுதினாங்க."

"யாரு செஞ்சாங்கன்னுல்லாம் எயுதிக்கீறாங்களா?"

"பேர் தெரிஞ்சவங்க பேரை எழுதியிருக்காங்க. தெரியாதவங்களைத் தெரியாதுன்னு எழுதியிருக்காங்க."

அவள் ஒரு முழம் கட்டி முடித்துவிட்டுச் சொன்னாள். "என்னுதையும் எயுதேன் நைனா. பேரு வாணாம். திருப்பதின்னு மட்டும் எயுதிராத. அத நான் எல்லார்கிட்டயும் சொல்லி சொல்லி எனக்கே அலுத்துப் பூட்ச்சி. எயுதிட்டு எனக்குப் படிச்சிக் காட்டு."

எழுதச் சொல்லிப் பல மாதம் ஆகிறது. பேனாவை எடுப்பேன், ஆஸ்பத்திரி வரை வந்ததும் நின்றுவிடுவேன். நடந்தது நடந்தபடி எழுதினால் அவள் புருஷனுக்கு எல்லாம் தெரியும் என்பதையும் எழுத வேண்டும். எழுதினால் அதை அவளுக்குப் படித்துக் காட்டவும் வேண்டும். சொல்லாதே என்று ஒருவர் கேட்டுக்கொண்டார், எழுது என்று இன்னொருவர் கேட்டுக்கொள்கிறார். இரண்டு பேருக்கும் நான் வாக்குக் கொடுத்தவன். அந்தப் பாதியை மட்டும் விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன். அது மறுபடியும் திருப்பதிதான்.

அதனால் முழுவதையும் எழுதிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூட்டம் குறைந்த நேரத்தில், அவள் கடைக்குப் போய் இதைப் படிக்கப் போகிறேன். அந்தப் பாகம் வரும்போது அவள் கை பூக்கட்டுவதை நிறுத்தும் என்று தெரியும். அதன் பிறகு என்ன சொல்வாள் என்று தெரியாது. ஒருவருக்கு இழைத்த கொடுமையை அவர் வாயாலேயே வேண்டுதல் என்று சொல்ல வைப்பது, முடியை எடுப்பதைவிடப் பெரிய கொடுமை என்று இப்போது எனக்குப் படுகிறது. உண்மையைத் தெரிந்துகொண்டுதான் அவர் அந்தத் தலையைக் கும்பிட்டார் என்பது, எவ்வளவு நேரம் கழித்தானாலும், அவளுக்குப் போய்ச் சேர வேண்டியது.

1979, ஐப்பசி, ஒரு வியாழக்கிழமை.